ஐ7 ஜாதகமும் குறட்டை விடுற மாப்பிள்ளையும்

மாம்பழ சீசன் முடியுதோ இல்லையோ, எனக்கு போன் வர ஆரம்பிச்சுடும்.

"லேப்டாப் வாங்கணும். எது நல்லது?"

யாராவது ஒரு பிள்ளைக்கு காலேஜ்ல சீட் கிடைச்சிருக்கும். எங்க குடும்பத்துல வீட்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல சம்பாதிக்கிறவ நான் ஒருத்திதான். அதனால நான்தான் எக்ஸ்பர்ட். (நான் பாக்குறது தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துற வேலை. எனக்கும் லேப்டாப்புக்கும் உள்ள சம்பந்தம், டவுன் பஸ்ஸுக்கும் அதுல போற பயணிக்கும் உள்ள சம்பந்தம். இதை யாரும் காதுல வாங்குறதில்ல.)

இந்த தடவை திருநெல்வேலியிலேர்ந்து அத்தான். அக்கா பொண்ணுக்கு கோயம்புத்தூர்ல மெக்கானிக்கல் கிடைச்சிருக்கு.

"ஏம்மா, கடையிலதான் நிக்கேன். ஐ5ன்னு ஒண்ணு, ஐ7ன்னு ஒண்ணு வச்சிருக்கான். ஏழுதான பெருசு? ஏழையே எடுத்துருதேன்."

பின்னாடியே அக்கா குரல். "ஏட்டி, வெள்ளிக் கலர் அழுக்காகுமாட்டி?"

"அத்தான், தயவுசெஞ்சு காசைக் கட்டிடாதீங்க. வீட்டுக்குப் போங்க. நான் ராத்திரி விவரமா சொல்றேன்."

ராத்திரி ஒன்றரை மணி நேரம் பேசினேன். அத்தனையும் பேசி முடிச்சதும் அத்தான் கேட்டார், "அப்போ ஐ7 வேண்டாங்கியா?"

அந்த எரிச்சல்லதான் இதை எழுதுறேன். அடுத்த வருசம் யாராவது போன் பண்ணா இந்த லிங்க்கை அனுப்பிட்டு நான் தூங்கப் போயிடுவேன்.

முதல்ல, கடையில லேப்டாப்புக்குக் கீழ ஒரு அட்டை ஒட்டியிருப்பாங்க பாருங்க. பிராசசர், ராம், எஸ்எஸ்டி, எத்தனை இன்ச். அது ஜாதகம். பத்துப் பொருத்தமும் அதுல இருக்கும். மாப்பிள்ளை குறட்டை விடுவாரா, சாப்பிட்ட தட்டை எடுத்து வெப்பாரான்னு எந்த ஜாதகத்துலயும் போட்டிருக்காது. லேப்டாப்லயும் நம்மள தினமும் படுத்துறது அந்த அட்டையில இல்லாத சமாச்சாரம்தான்.

நான் பட்டது ஹின்ஜ்.

என் முதல் சொந்த லேப்டாப். 15.6 இன்ச், தடி ஆள். (கம்பெனி பேர் வேணாம்.) ஜாதகம் அமோகம்: ஐ5, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். மூணாவது வருசம் மூடியைத் திறக்கும்போது வலது ஓரத்துல 'கட்'டுனு ஒரு சத்தம். எண்ணெய் இல்லைபோலன்னு நினைச்சு தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டேன். (சிரிக்காதீங்க. நீங்க செய்யாதீங்க.) ஒரு வாரத்துல, திறந்தா ஸ்கிரீனோட அடித்தட்டும் சேந்து பிளந்துக்கிட்டு வருது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ரிப்பேர் பாக்குற ஒரு தம்பி பிரிச்சுக் காட்டினான். ஹின்ஜ் இரும்பு. அதைப் பிடிச்சிருக்குற ஸ்க்ரூ, சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லாத பித்தளை நட்டுல இறங்குது. அந்த நட்டைப் பதிச்சிருக்குறது பிளாஸ்டிக்ல. நாளாக ஆக ஹின்ஜ் இறுகும், நாம தினமும் இழுப்போம், இரும்பு ஜெயிக்கும், பிளாஸ்டிக் பிட்டுக்கும். "எம்சீல் வெச்சு அடைக்கிறேன் மேடம், ஆனா கேரண்டி கிடையாது"ன்னான். அவன் சொன்னா சொன்னதுதான், ரெண்டு மாசம்கூட நிக்கல. அப்புறம் நாலு மாசம் கடலைப்பருப்பு சம்படத்துல ஸ்கிரீனைச் சாய்ச்சு வெச்சுதான் வேலை பாத்தேன். உள்ள ஐ5 பாவம், அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு.

அதுலேர்ந்து எந்தக் கடைக்குப் போனாலும் நான் முதல்ல பண்றது இதுதான். மூடியை நடுவுல ஒரே விரலால தூக்கிப் பாப்பேன். அடித்தட்டும் சேந்து எழுந்தா அந்த ஹின்ஜ் முரடு. அப்புறம் மூடியோட ஒரு மூலையைப் பிடிச்சு லேசா ஆட்டுவேன். கீபோர்டுக்கு நடுவுல அமுக்குவேன். கடைப் பையன் என்னைப் பாக்குற பார்வை, முருங்கைக்காயை முறுக்கிப் பாக்குற பாட்டியைப் பாக்குற மாதிரி இருக்கும். பரவாயில்ல.

சரி, இப்போ எங்க வீட்டையும் மாடி வீட்டையும் சேத்து மூணு லேப்டாப் இருக்கு. மூணும் மூணு விதம்.

ஒண்ணு என்னோடது. ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட்ஸ்ல வாங்குன திங்க்பேட் டி480. 2018ல வந்த மாடல். பெரிய ஆபீஸ்கள்ல மூணு வருசம் ஓட்டிட்டு மொத்தமா கழிச்சு விடுவாங்க, அது லாரி லாரியா வந்து இங்க இறங்கும். எனக்கு 18,500 ரூபாய்க்குக் கிடைச்சுது.

பாக்க? கறுப்பு டிபன் பாக்ஸ். (கிண்டல் பண்ணலைங்க. 1992ல ஐபிஎம் முதல் திங்க்பேடைக் கொண்டுவந்தப்போ அதை வடிவமைச்ச ரிச்சர்ட் சாப்பர், ஜப்பான்காரங்களோட கறுப்பு சாப்பாட்டுப் பெட்டியை மனசுல வெச்சுதான் பண்ணாராம். 2005ல லெனோவோ கைக்குப் போன பிறகும் அந்த முகம் மாறல.) கீபோர்டுக்கு நடுவுல குங்குமப் பொட்டு வெச்ச மாதிரி ஒரு சிவப்புக் குமிழ். அதைத் தள்ளுனா மவுஸ் நகரும். பத்து நாள் திட்டினேன். இப்போ அது இல்லாத லேப்டாப்ல விரல் தன்னால அங்க போயி தடவுது.

இதோட பலம் கீபோர்டு. நாள் முழுக்க தமிழ்99 விசைப்பலகையில தட்டுறவளுக்கு சாவி நல்லா உள்ள இறங்கி எழணும். இதுல இறங்கும். அப்புறம், திறந்து மாத்தலாம். ராமுக்கு ரெண்டு ஸ்லாட். 8 ஜிபியோட வாங்கினேன், வீடியோ பாத்துக்கிட்டே நானே இன்னொரு 8 போட்டேன். முடிச்சு மூடினப்போ ஒரு ஸ்க்ரூ மிச்சம். லேப்டாப் ஓடுது. ஸ்க்ரூ என் தையல் டப்பாவுல பத்திரமா இருக்கு.

பேட்டரி ரெண்டு. உள்ள ஒண்ணு, வெளிய கழட்டுற மாதிரி ஒண்ணு. கரெண்ட் இல்லாதப்போ ஓடிக்கிட்டிருக்கும்போதே வெளிப் பேட்டரியைக் கழட்டி வேற ஒண்ணு மாட்டலாம், லேப்டாப் அணையாது. 72 வாட்-அவர் பெரிய பேட்டரியைப் போட்டா அடியில புடைச்சு, லேப்டாப் கொஞ்சம் முன்னாடி சாஞ்சு நிக்கும். எனக்கு அது சௌகரியமாவே இருக்கு.

பலவீனம்? திரை. ஆபீஸுக்குன்னு பண்ணது, 250 நிட்ஸ் வெளிச்சம்தான். ஜன்னல் பக்கம் உக்காந்தா திரை மங்கும். கலர் வெளிறித் தெரியும். போட்டோ, டிசைன் வேலைக்கு ஆகாது. எடையும் சுமார் 1.6 கிலோ.

செகண்ட்ஸ் வாங்கப் போறவங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். டி470, டி480 ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான், இது ரெண்டாயிரம் கம்மி"ம்பார். ஒண்ணு இல்ல. டி470ல இன்டெல் 6வது, 7வது தலைமுறை. டி480ல 8வது தலைமுறையும் உண்டு. விண்டோஸ் 11 இன்டெல்லோட 8வது தலைமுறையிலேர்ந்துதான் முறைப்படி ஏறும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுபோச்சு. அந்த ரெண்டாயிரம் அங்கதான் ஒளிஞ்சிருக்கு. (லினக்ஸ் போடத் தெரிஞ்சவங்க டி470ஐத் தாராளமா வாங்கலாம். நீங்க இந்தப் பதிவைப் படிக்க வேண்டிய அவசியமே இல்ல.)

ரெண்டாவது, தம்பியோட மேக்புக் ஏர், எம்1. 2020 நவம்பர்ல வந்தது.

இதைப் பத்தி நான் பொறாமை இல்லாம எழுத முடியாது.

அதோட திரையில தமிழ் பாத்திருக்கீங்களா? என் தொழில்ல புள்ளிதான் எல்லாம். 'க'வா 'க்'கான்னு நாள் பூரா பாக்குறேன். என் பழைய தடி லேப்டாப்ல 15.6 இன்ச் திரையில 1366க்கு 768 புள்ளிகள், அதாவது ஒரு இன்ச்சுக்கு நூறு. சின்ன எழுத்துல வந்த பிடிஎஃப்ல மெய்யெழுத்துப் புள்ளியும் தூசியும் ஒண்ணா இருக்கும். ஸ்கிரீனைத் துடைச்சுப் பாத்து, போகலேன்னா புள்ளி, போனா தூசி. நிஜமாத்தான் சொல்றேன். ஏர்ல ஒரு இன்ச்சுக்கு 227. 'ண'வோட சுழியை எண்ணலாம். அட்டையில "எத்தனை இன்ச்"னு போடுறவங்க இதை ஏன் போடுறதில்ல?

எடை 1.29 கிலோ. ஃபேனே கிடையாது. ராத்திரி பக்கத்துல குழந்தை தூங்கினாலும் சத்தம் இல்லாம வேலை பாக்கலாம். காலையில சார்ஜ் போட்டா சாயங்காலம் வரைக்கும் வரும். தமிழ்99, அஞ்சல் ரெண்டு விசைப்பலகையும் உள்ளயே இருக்கு, தனியா எதுவும் போட வேண்டாம்.

பலவீனத்துக்கு வர்றேன். (சந்தோஷமா வர்றேன்.) ஃபேன் இல்லாததால பெரிய வீடியோவை ரொம்ப நேரம் எடிட் பண்ணா சூடு ஏறி வேகத்தைக் குறைச்சுக்கும். ரெண்டே ரெண்டு டைப்-சி ஓட்டை, ரெண்டும் இடது பக்கம். பென்டிரைவ் போடவும் புரொஜெக்டர் மாட்டவும் தனியா ஒரு வால் வாங்கணும். ராமை போர்டுலயே பதிச்சுட்டாங்க. 8 ஜிபி வாங்குனா ஆயுசுக்கும் 8 ஜிபி. எஸ்எஸ்டியும் அப்படித்தான். வாங்குற அன்னிக்கு எடுத்த முடிவைப் பின்னாடி திருத்தவே முடியாது. மெய்ப்புத் திருத்துறவளுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்கா சொல்லுங்க.

எங்க மெக்கானிக்கல் பொண்ணுக்கு இதைவிடப் பெரிய தடை ஒண்ணு உண்டு. சாலிட்வொர்க்ஸ் மேக்ல கிடையாது. பி.காம். பிள்ளைகளுக்கும் சொல்லிடுறேன், டாலியும் விண்டோஸுக்குத்தான். பிள்ளை "ஆப்பிள்தான் வேணும்"னு அடம்பிடிச்சா, முதல்ல சீனியர்ஸ் என்ன சாஃப்ட்வேர் போடுறாங்கன்னு கேட்டுட்டு வரச் சொல்லுங்க.

மூணாவது, மாடி வீட்டுப் பையனோடது. கேமிங் லேப்டாப். விஷுவல் எஃபெக்ட்ஸ் படிக்கிறான், அதனால நியாயமான தேவைதான். (கேம் ஆடுறதில்லையாம். சரி தம்பி.)

பலம் எக்கச்சக்கம். தனி கிராஃபிக்ஸ் கார்டு, ராமுக்கு ரெண்டு ஸ்லாட், எஸ்எஸ்டிக்கு ரெண்டு இடம், சூட்டை வெளிய தள்ள ரெண்டு ஃபேன். ரெண்டு மணி நேர ரெண்டர் வேலையை அசராம இழுக்கும்.

ஆனா லேப்டாப் 2.3 கிலோ. அடாப்டர் தனி செங்கல். அதுவும் 230 வாட். நம்ம வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் ஒண்ணு சுமார் 75 வாட். அதாவது பையன் அதுல முழு வேகத்துல வேலை பாத்தா மூணு ஃபேன் ஓடுற மாதிரி. மே மாசம் கரெண்ட் போனப்போ அவங்க வீட்டு இன்வர்ட்டர் ஏன் சீக்கிரமே படுத்துக்குதுன்னு அவங்க அம்மா என்கிட்ட கேட்டாங்க. நான் காட்டிக் கொடுத்துட்டேன். இன்னும் என்கிட்ட பேசல அவன்.

பிளக்கைப் பிடுங்கினா பாதி வீரம் போயிடும், வேகத்தைக் குறைச்சுக்கும். மடியில வெக்க முடியாது, தோசைக்கல். மடிக்கணினின்னு எவ்வளவு அழகா பேர் வெச்சிருக்கோம்!

இங்க பேட்டரிக் கணக்கு ஒண்ணு சொல்லிடுறேன். அட்டையில "10 மணி நேரம்"னு போட்டிருக்குறதை விட்டுடுங்க. வாட்-அவர்னு ஒரு எண் இருக்கும், அது மொட்டை மாடி டேங்க்கோட அளவு. ஆனா கீழ எத்தனை குழாய் திறந்திருக்குன்னும் பாக்கணும்ல? எம்1 ஏரோட டேங்க் 49.9தான். குழாய் சொட்டுச் சொட்டா விடுறதால நாள் பூரா வருது. கேமிங் லேப்டாப்ல 80, 90 இருக்கும். சும்மா வேர்டு திறந்து வெச்சாலே இருபது வாட் போச்சுன்னா நாலு மணி நேரத்துல டேங்க் காலி.

சரி, அத்தானோட ஏழுக்கு வருவோம்.

இன்டெல் பிராசசர்ல ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் ரயில்ல ஸ்லீப்பர், தேர்ட் ஏசி, செகண்ட் ஏசி மாதிரி. எந்தக் காலத்து ரயில்னு கேக்காம கிளாஸை மட்டும் கேட்டா எப்படி? ஐ7-7500யூ, 2016ல வந்தது, அதுல ரெண்டே கோர். ஐ3-1215யூ, 2022ல வந்தது, ஆறு கோர். அந்த மூணு இந்த ஏழைத் தூக்கி சாப்பிட்டுடும். கடைசி எழுத்தையும் பாருங்க. 'யூ'ன்னா கரெண்ட்டைச் சிக்கனமா குடிக்கும், சுமார் 15 வாட் ரகம். 'ஹெச்'னா 45 வாட் ரகம், வேகம் ஜாஸ்தி, சூடும் ஜாஸ்தி.

ஏஎம்டி இன்னும் மேல. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7540யூ. ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். என்னமோ இருபது ரூபா வித்தியாசம் மாதிரி இருக்குல்ல? இந்த வரிசையில மூணாவது இலக்கம்தான் உள்ள இருக்குற டிசைனோட தலைமுறை. 7520ல 'ஜென் 2', 2019ல வந்த டிசைன். 7540ல 'ஜென் 4'. பழைய சோத்தைத் தாளிச்சு புதுத் தட்டுல வெச்சிருக்காங்க. பேர் வெக்குறவங்க மெய்ப்புத் திருத்துறவங்களா இருந்திருந்தா இப்படி நடந்திருக்குமா?

(இதைப் படிச்சுட்டு பழைய லேப்டாப் எல்லாம் குப்பைன்னு நினைக்க வேண்டாம். 2011ல நம்ம அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவசமா லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சுதே, அந்தத் திட்டத்துல வந்த ஒண்ணு எங்க மாமா பையன்கிட்ட இன்னும் இருக்கு. ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிட்டு எஸ்எஸ்டி போட்டான், லேசான லினக்ஸ் ஒண்ணு ஏத்தினான். தெருப் பிள்ளைங்க அதுலதான் டைப்பிங் பழகுது. எத்தனையோ வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் அதுதான்.)

இன்னொரு குட்டி எரிச்சல். 15.6 இன்ச் லேப்டாப்ல பெரும்பாலும் வலது பக்கம் எண் பலகை இருக்கும். கணக்கு எழுதுறவங்களுக்கு வரம். என்னை மாதிரி எழுத்து மட்டும் தட்டுறவங்களுக்கு, எழுத்துச் சாவி எல்லாம் இடது பக்கம் தள்ளிப்போய், திரைக்கு நேரா உக்காந்தா கை கோணலா இருக்கும், கைக்கு நேரா உக்காந்தா கழுத்து கோணலா இருக்கும். மூணு வருசம் எனக்கு இருந்த தோள்பட்டை வலிக்கு இதுதான் காரணம்னு நான் நம்புறேன். (டாக்டர் நம்பல.)

கடைசியில பொண்ணுகிட்டயே நேரா பேசினேன். அத்தானை ஓரமா வெச்சுட்டு.

"உனக்கு எதெல்லாம் வேணும்னு சொல்லாத. எந்தக் குறையை உன்னால பொறுத்துக்க முடியும், அதைச் சொல்லு."

கொஞ்சம் யோசிச்சா. "வெயிட்டு தூக்க முடியாது சித்தி. ஹாஸ்டல்லேர்ந்து கிளாஸ் தூரம். சத்தமும் ஆகாது, ரூம்ல மூணு பேர். ஸ்பீக்கர் எப்படி இருந்தாலும் ஓகே, ஹெட்செட்தான். கேமரா மட்டமா இருந்தா இன்னும் நல்லது, அம்மா வீடியோ கால்ல ரூமைப் பாக்க முடியாது."

இப்படிச் சொன்னா வேலை எவ்வளவு சுலபம்! முதல் வருசத்துக்கு எதுக்கு கிராஃபிக்ஸ் கார்டு? கனமான வேலை வரும்போது காலேஜ் லேப் இருக்கு. 14 இன்ச், எண் பலகை இல்லாதது, 1.4 கிலோ, 16 ஜிபி ராம், மேல போட ஒரு ஸ்லாட் காலி, 65 வாட் டைப்-சி சார்ஜர் (போனுக்கும் அதுவே). ஒரு விரலால திறந்தா அடித்தட்டு அசையல. அக்காவே கடையில சோதிச்சுப் பாத்துட்டு வீடியோ அனுப்பினா. ஸ்பீக்கர் தகர டப்பாதான். கேமராவும் சுமார்தான். ஐ5. அத்தான் மூணு நாள் துக்கம் காத்தார்.

அந்த மாடல்ல காத்து உள்ள போற வழி அடிப் பக்கம் இருக்கு. அதனால ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நூறு தடவை சொல்லி அனுப்பினேன். மெத்தையில, தலகாணியில வெக்காத, மூச்சு முட்டும், டேபிள்ல வெச்சுப் படி.

நேத்து ஹாஸ்டல்லேர்ந்து ஒரு போட்டோ. 'சித்தி, லேப்டாப் சூப்பர்'.

நல்லா பெரிய தலகாணி. அதுமேல போர்வை. அதுமேல லேப்டாப்.

உடனே போன் போட்டேன். "ஏட்டி, என்ன சொல்லி அனுப்பினேன் உன்னை?"

"சித்தி, டேபிள் மேல அம்மா கொடுத்துவிட்ட முறுக்கு டின்னு இருக்கு. அது காலியாகட்டும்."